கையைத் தூக்கு

எங்கள் கல்லூரியின் ப்ராஸ்பெக்டஸில் 'மாணவர்களுக்கான வசதிகள்' என்று ஒரு முழுப் பக்கம் உண்டு. அதை எழுதியவர் நல்ல கற்பனைக்காரர். 'குளிர்ந்த குடிநீர்' என்றால் வேப்பமரத்தடியில் ஒரு மண்பானை, அதற்கு ஒரு அலுமினிய டம்ளர், டம்ளருக்கு ஒரு சங்கிலி. 'விளையாட்டுத் திடல்' என்றால் கடலைக்காய் பிடுங்கிய காடு. 'வானொலி' இருந்தது, ஆனால் வார்டன் வீட்டில். 'சிகை திருத்தும் வசதி' ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மடக்கு நாற்காலியோடு சைக்கிளில் வந்து, பத்துத் தலை பார்த்துவிட்டுப் போய்விடும். பதினோராவது தலை அடுத்த ஞாயிறு வரை வளர வேண்டியதுதான்.

அந்தப் பட்டியலின் கடைசி வரி இது: 'நோயுறும் மாணவர்களுக்கு, தகுதி பெற்ற உதவியாளரின் மேற்பார்வையில் தனி அறை.' அந்தப் பக்கத்திலேயே பொய் கலக்காத வரி இது ஒன்றுதான். அறை இருந்தது. இரண்டு கட்டில் இருந்தன. தகுதி பெற்ற உதவியாளரும் இருந்தார். அவர் எங்களில் ஒருவனையும் நம்பமாட்டார் என்பதை மட்டும் ப்ராஸ்பெக்டஸில் போட மறந்துவிட்டார்கள்.

கம்பவுண்டர் சார் என்போம். பெயர் இருந்தது, எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். அவர் நம்பாமல் திருப்பி அனுப்பிய நூற்றுக்கணக்கான காய்ச்சல்களில் ஒன்றே ஒன்று நிஜமான காய்ச்சல். அந்த ஒன்றைப் பற்றி எழுதும்போது அவர் பெயரைப் போட்டால், நியாயமாக என் பெயரை அதற்கு மேலே போட வேண்டும். இரண்டுமே வேண்டாம்.

எழுபதுகளின் தொடக்கம். தர்மபுரி ஜில்லாவில், ரயிலில் வருகிறவன் பொம்மிடியில் இறங்கி பஸ் பிடித்து வர வேண்டிய ஒரு சின்ன ஊர். ஊருக்கு வெளியே கல்லூரி, கல்லூரிக்கு வெளியே ஹாஸ்டல், ஹாஸ்டலுக்கு வெளியே ஒன்றும் இல்லை. அரிசி சுலபமாகக் கிடைக்காத காலம். வாரத்தில் மூன்று நாள் கேழ்வரகுக் களி. மீதி நாள் சோறு, சோற்றில் கல். காலையில் உப்புமா, அதிலும் கல். நான் பி.எஸ்ஸி. மூன்று வருஷத்தில் படித்ததைவிடப் பொறுக்கியது அதிகம்.

இந்த நிலைமையில் 'சிக் டயட்' என்று ஒன்று இருந்தது. காய்ச்சல்காரனுக்கு இரண்டு வேளை ரொட்டி, சூடான பால், குழைந்த ரசம் சாதம், ஒரு சாத்துக்குடி. கூடவே கிளாசுக்குப் போக வேண்டாம், வருகைப் பதிவில் அந்த நாள் கழிக்கப்படாது. இதெல்லாம் கம்பவுண்டர் சார் கையெழுத்துப் போட்ட ஒரு சின்னச் சீட்டில் அடங்கியிருந்தது. அந்தச் சீட்டுக்கு இருந்த மரியாதை பிறகு நான் வாங்கிய டிகிரிக்கு இருந்ததில்லை.

கம்பவுண்டர் சார் ஒல்லி. கீழே வேட்டி, மேலே காக்கிச் சட்டை. யுத்த காலத்தில் பட்டாள ஆஸ்பத்திரியில் ஆர்டர்லியாக இருந்து, திரும்பி வந்து கம்பவுண்டர் பரீட்சை எழுதியவர். பர்மா எல்லையில் குண்டு பட்டுப் படுத்தவனைவிடக் குண்டுக்குப் பயந்து படுத்தவன்தான் அதிகம் என்பார். அங்கே படித்த ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: மாலிங்கரிங். நோய் வந்ததாக நடிப்பதற்குப் பட்டாளத்தில் அப்படித்தான் பெயராம். யார் வந்தாலும் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, "மாலிங்கரிங். போடா கிளாசுக்கு" என்பார். பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு புதுப் பையன் அதை நோயின் பெயர் என்று நினைத்து வீட்டுக்குக் கடிதம் எழுதிவிட்டான். மூன்றாம் நாள் அவன் அப்பா ஒரு கோழியும் அரை மூட்டை இளநீருமாக வந்து இறங்கி, சிக் ரூம் வாசலில் நின்று, "பையனுக்கு மாலிங்கரிங் எறங்கிடுச்சுங்களா?" என்று கேட்டார். கம்பவுண்டர் சார் அசரவில்லை. "எறங்கிடுச்சுங்க. கோழிய மெஸ்ஸுல குடுத்துட்டுப் போங்க" என்றார்.

நடிக்கிறவனைப் பிடிக்க அவரிடம் பல வழி இருந்தது. வயிற்றுவலி என்று போனால் வலிக்காத இடத்தை அழுத்துவார். நாம் அங்கேயும் "அம்மா" என்போம், அத்தோடு முடிந்தது. இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை, ஒன்றும் சாப்பிடவில்லை என்று போனால் மிகவும் பரிவாகக் கேட்பார்:

"அடடா. இன்னிக்கு டிபன் கூடவா சாப்புடல?"

"இல்ல சார்."

"என்ன டிபன் போட்டாங்க?"

"உப்புமா சார். அடிப்புடிச்ச உப்புமா."

"அடிப்புடிச்சது வரைக்கும் தெரிஞ்சிருக்குது. காச்சக்காரனுக்கு மெஸ்ஸுல என்னன்னே தெரியாதுடா. போ."

தலைவலிக்காரனுக்கு வேறு வைத்தியம். ஒரு பட்டாள ஜோக் சொல்வார். சிரித்தால் வெளியே அனுப்புவார். நிஜமான தலைவலி உள்ளவன் சிரிக்கமாட்டான் என்பது அவர் சாஸ்திரம். நான் இதில் மூன்று முறை தோற்றேன். மூன்றாவது முறை அவர் ஜோக்குக்குச் சிரிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு வெற்றிகரமாக உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதைவிட நல்ல ஜோக் ஒன்று எனக்குத் தோன்றி, அதைச் சொல்லி, நானே சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். "நீ உருப்புடமாட்டடா" என்று சொல்லிச் சீட்டு இல்லாமல் அனுப்பினார்.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் ஏதோ கல்நெஞ்சுக்காரர் மாதிரித் தெரியும். அப்படி இல்லை. அவர் நம்பிவிட்டால் போதும், ஆளே மாறிவிடுவார். என் அறைக்காரனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது இரண்டு கன்னமும் உப்பி, வாய் திறக்க முடியாமல் போய் நின்றான். அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வா ராசா" என்றார். ராசா என்று அவர் ஒருவனைக் கூப்பிட்டு அன்றுதான் கேட்டோம். ஒரு வாரம் அவன் சிக் ரூமில் இருந்தான். தினமும் அவர் வீட்டிலிருந்து கஞ்சி வரும், கூடவே உப்பு நார்த்தங்காய். மத்தியானம் மருந்தெல்லாம் கொடுத்து முடித்தபிறகும் அவன் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார். வகுப்பு நேரத்தில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த எனக்குப் பொறாமையாக இருந்தது. ரொட்டிக்காக இல்லை, சத்தியமாக. ரொட்டிக்காகவும்தான். ஆனால் அந்த 'ராசா'வுக்காக, எனக்கும் ஒரு நிஜமான நோய் வரக்கூடாதா என்று இருந்தது.

வரவில்லை. எருமைக்கடா மாதிரி இருந்தேன். ஆகவே வெங்காயத்துக்குப் போனேன்.

அக்குளில் வெங்காயத்தை வெட்டி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வெயிலில் நின்றால் உடம்பு சுடும் என்பது பள்ளிக்கூடத்தில் நான் கற்ற வித்தை. சுடுகிறதோ இல்லையோ, சுடும் என்று நம்பினோம். மெஸ் கூடையிலிருந்து பெரிய வெங்காயம் ஒன்றை எடுத்து, இரண்டாக வெட்டி, பக்கத்துக்கு ஒரு பாதி. முதல் தடவை எனக்குப் பலித்தது. அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்று ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றபோது நான் ஒரு விஞ்ஞானி. வித்தையை இரவல் கொடுக்காமல் இருக்க முடியுமா? ஒரு மாதத்தில் ஹாஸ்டலில் பாதிப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். வெங்காய வாத்தியார் என்று பெயர் கிடைத்தது. மெஸ் சாம்பாரில் வெங்காயம் காணாமல் போனது. சமையல்காரர் வார்டனிடம் போய் அழுதார். வார்டன் கம்பவுண்டர் சாரிடம் சொன்னார்.

மறுநாள் காய்ச்சல் வரிசையில் முதல் ஆள் நான்.

"கையத் தூக்கு."

"காச்சல் சார்."

"கையத் தூக்குடா."

தூக்கினேன். அவர் குனிந்து ஒரு மூச்சு இழுத்தார். நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். "இவன் அக்குள்ல சாம்பாரே வெக்கிறாண்டா" என்றார். எனக்குப் பின்னால் நின்றிருந்த ஆறு பேருக்கும் அந்த நொடியில் காய்ச்சல் விட்டது. ஓடியவன் சட்டைக்குள்ளிருந்து அரை வெங்காயம் ஒன்று உருண்டு வந்து அவர் மேஜைக் காலடியில் நின்றது.

சிக் ரூமில் ஒரு பெரிய ரிஜிஸ்டர் இருக்கும். வருகிறவன் பெயர், தேதி, என்ன நோய் என்று எழுதுவார். என் பெயருக்கு நேரே அன்று 'வெங்காயம்' என்று எழுதினார். மை காயும்வரை என்னைப் பார்க்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு அது சட்டமாகிவிட்டது. காய்ச்சல் என்று எவன் போனாலும் முதலில் கையைத் தூக்க வேண்டும். ஏதோ போலீஸ்காரன் துப்பாக்கியைக் காட்டியதுபோல் வரிசையாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்போம். அவர் ஒவ்வொருவராக முகர்ந்துகொண்டே வருவார். நெற்றியைத் தொடுவது அதற்கு அப்புறம்தான். முகர்ந்ததில் தேறாதவன் நெற்றியை அவர் தொடவே மாட்டார்.

அந்த வருஷம் பி.யு.சி.யில் சித்தேரி மலையிலிருந்து ஒரு பையன் சேர்ந்திருந்தான். எங்கள் அறைக்குப் பக்கத்து அறை. மலைத்தம்பி என்று கூப்பிடுவோம். அவன் கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். சர்க்கார் ஸ்காலர்ஷிப்பில்தான் சோறும் படிப்பும். ஒரு வருஷம் பரீட்சை எழுதாமல் நின்றால் ஸ்காலர்ஷிப் நின்றுவிடும். இதை அவனே சொல்வான், பயந்து இல்லை, இன்ன ஊரில் இன்ன பஸ் மாற வேண்டும் என்கிற மாதிரி. களி போடுகிற நாளில் ஹாஸ்டலே முகம் சுளிக்கும்போது அவன் மட்டும் இரண்டாவது உருண்டை கேட்பான். "எங்க வூட்டுக் களி இன்னும் நல்லாருக்குங்க. இதுல தண்ணி சாஸ்தி" என்று சமையல்காரருக்கு யோசனை சொல்வான். மற்றபடி யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சிக் ரூம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

பிப்ரவரியில் ஒருநாள் அவன் படுத்துவிட்டான். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான்தான் போய், "சிக் ரூமுக்குப் போய்ச் சீட்டு வாங்குடா" என்றேன். "சரிங்கண்ணா" என்று எழுந்தான். எழுந்தபோது வாசனை வந்தது. வெங்காயம்.

இந்த இடத்தை நான் பல தடவை பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எப்படிச் சொன்னாலும் நான் நன்றாகத் தெரிவதில்லை. அவன் கண் சிவந்திருந்ததைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். ஆனால் வெங்காய வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: அட, இந்த மலைப்பையன்கூட நம்ம சிஷ்யன் ஆகிவிட்டானே. பெருமையாக இருந்தது. 'போகாதே, இன்றைக்குப் பிடித்துவிடுவார்' என்று எச்சரித்திருக்கலாம். 'குளித்துவிட்டுப் போ' என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. வேடிக்கை பார்க்க அவன் பின்னாலேயே போனேன்.

வரிசையில் நான்கு பேர். இவன் முறை வந்தது.

"கையத் தூக்கு."

தூக்கினான். எதற்கு என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பான். கம்பவுண்டர் சார் குனிந்தார். நிமிர அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"நீயுமாடா" என்றார். கோபமாக இல்லை. ரொம்பச் சலிப்பாக. "மலையிலேர்ந்து வந்தவனாவது ஒழுங்கா இருப்பேன்னு நெனச்சேன்."

"சார், காச்சலுங்க."

"அப்ப இது என்ன வாசன?"

"சின்ன வெங்காயங்க சார். எங்க ஊர்ல காச்சல்னா நசுக்கி உள்ளங்கால்லயும் கக்கத்துலயும் தேய்ப்பாங்க. ஆத்தா குடுத்து விட்டுச்சுங்க. அத்தத்தான் தேச்சேன்."

வரிசை சிரித்தது. முதலில் சிரித்தது நான். என்ன அழகான சால்ஜாப்பு, எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று சிரித்தேன். நான் சிரித்ததைக் கம்பவுண்டர் சார் பார்த்தார். என்னையும் அந்தப் பையனையும் அவர் மனசுக்குள் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டது எனக்குத் தெரிந்தது. நெற்றியைத் தொடவில்லை. ரிஜிஸ்டரை இழுத்து 'வெங்காயம்' என்று எழுதினார்.

"போ. கிளாசுக்குப் போ."

மற்றவர்களாக இருந்தால் கெஞ்சுவோம், முனகுவோம், கட்டிலில் விழுந்துவிடுவோம். அவன் "சரிங்க சார்" என்று கையை இறக்கிக்கொண்டு நிஜமாகவே கிளாசுக்குப் போனான். அன்று முழுக்க உட்கார்ந்திருந்தானாம். மறுநாளும் அதற்கு மறுநாளும் அறையில் கிடந்தான். "மறுபடி போய்ப் பாருடா" என்று என் அறைக்காரன் சொன்னதற்கு, "சாருதான் இல்லேன்னுட்டாருங்களே" என்றான்.

அதற்கும் அடுத்த நாள் மத்தியானம் அவன் யாரும் இல்லாத சுவரைப் பார்த்து ஆடு ஓட்ட ஆரம்பித்தான். ஆட்டின் பெயரெல்லாம் சொல்லிக் கூப்பிட்டான். என் அறைக்காரன் ஓடிப்போய்க் கம்பவுண்டர் சாரைக் கூட்டி வந்தான். அவர் வந்து நெற்றியில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. என் அறைக்காரன் பிரின்சிபாலின் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரும்வரை மலைத்தம்பியின் தலைமாட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார். காரில் ஏற்றும்போதும் கை நெற்றியில்தான் இருந்தது. நாங்கள் வாசலில் கூடி நின்றோம். என்னைத் தாண்டிப் போகும்போது என் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டைபாய்டு. தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஞாயிறு தவறாமல் கம்பவுண்டர் சார் பஸ் பிடித்துப் போய் வந்தார். பிறகு மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மார்ச் கடைசியில் திரும்பி வந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முடி கொட்டி, கழுத்து நீண்டு, சட்டைக்குள் ஆள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அவன் என்னைப் பார்த்து, "நல்லாருக்கீங்களாண்ணா?" என்றான்.

பரீட்சைக்கு அவனுக்கு வருகைப் பதிவு குறைந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு, சேர்ந்த நாளிலிருந்துதான் செல்லும். அதற்கு முன்னால் அவன் அறையில் கிடந்த நான்கு நாள்தான் குறை. அந்த நான்கு நாளுக்குச் சிக் ரூம் ரிஜிஸ்டரில் 'காய்ச்சல்' என்று இருக்க வேண்டும். இருந்தது 'வெங்காயம்'.

கம்பவுண்டர் சார் அந்த வார்த்தையை அடித்து, மேலே 'காய்ச்சல். என் பிழை' என்று எழுதி, ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு பிரின்சிபாலிடம் போனார். அவர் அடித்து எழுதிய வார்த்தை அந்த ரிஜிஸ்டரில் அது ஒன்றுதான். அதுவே சந்தேகத்துக்கு இடமாயிற்று. பையன் மேல் பரிதாபப்பட்டு இப்போது மாற்றுகிறீர்களா, அன்றைக்கு வெங்காயம் இருந்ததா இல்லையா என்று பிரின்சிபால் கேட்டிருக்கிறார். இருந்தது என்று இவர் சொல்லியிருக்கிறார். பொய் சொல்ல அவருக்குத் தெரியாது, எங்கள் பொய்யைப் பிடித்துப் பிடித்தே அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

அன்று சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் வந்து என்னைப் பிடித்தார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்குப் பிரின்சிபால் ரூமுக்கு வரணும். விசாரிக்கிறாங்க."

"நான் எதுக்கு சார்?"

"ஹாஸ்டல்ல இந்த வித்தையச் சொல்லிக் குடுத்தவன் நீதான். அந்தப் பையன் உங்கிட்டக் கத்துக்கலேன்னு ஒரு வார்த்த சொல்லு. அது போதும்."

"அப்ப நான் வெங்காயம் வெச்சதும் வெளிய வருமே சார்."

"வரும். உனக்கு நாலு நாள் சஸ்பென்ஷன் குடுப்பாங்க. அவனுக்குப் படிப்பே போவுது."

"நான் பாத்துக்கறேன் சார்" என்றேன். அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். பட்டாளத்துத் தட்டு, வலித்தது. என் மேல் அவர் வைத்த முதல் நம்பிக்கை அது.

மறுநாள் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். பிரின்சிபால் நாற்காலியில். வார்டன் பக்கத்தில். கம்பவுண்டர் சார் ரிஜிஸ்டரை மார்போடு பிடித்துக்கொண்டு ஒரு ஓரத்தில். மலைத்தம்பி கதவுக்குப் பக்கத்தில், கைகட்டி. 'இல்லை சார், இவன் என்னிடம் கற்றுக்கொள்ளவில்லை' என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன்.

பிரின்சிபால் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "காலேஜ் டேயில மிமிக்ரி பண்ணினவன் நீதானே?"

"ஆமா சார்."

"இவனுக்கு வெங்காயம் வைக்கச் சொல்லிக் கொடுத்ததும் நீதானா?"

அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு தயாராக இருந்தது. அதைப் பார்த்துவிட்டேன். அதுதான் வினை. சபையில் ஒரு சிரிப்பு தயாராக இருக்கிறது என்று தெரிந்தால், அதை வெளியே இழுத்துப் போடாமல் என்னால் இருக்க முடியாது. அதோடு, சிரிக்க வைத்துவிட்டால் சஸ்பென்ஷனும் வராது என்று உள்ளே ஒரு கணக்கு.

"சார், நான் சொல்லிக் குடுத்திருந்தா பெரிய வெங்காயம் வெச்சிருப்பான். இவன் வெச்சது சின்ன வெங்காயம். சிலபஸே வேற சார்" என்றேன்.

பிரின்சிபால் சிரித்தார். அவர் சிரித்து அந்தக் கல்லூரியில் யாரும் பார்த்ததில்லை. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "சிலபஸே வேறயாம்" என்று வார்டனிடம் திருப்பிச் சொன்னார். வார்டன் சிரித்தார். கதவுக்கு வெளியே நின்ற பியூன் சிரித்தார். கம்பவுண்டர் சாரிடமிருந்தும் ஒரு சிரிப்பு, தும்மல் மாதிரி, அடக்க முடியாமல் வெளியே வந்துவிட்டது. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று மலைத்தம்பியும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தான்.

யோசித்துப் பார்த்தால் நான் சொன்னது அத்தனையும் உண்மை. அவன் என்னிடம் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடையாது. ஆனால் அது யார் காதிலும் சாட்சியமாக விழவில்லை. பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி சரி. போங்க எல்லாரும். ரிஜிஸ்டர்ல எழுதினது எழுதினதுதான், அடிச்சுத் திருத்தினா நாளைக்கு யுனிவர்சிட்டியில கேப்பாங்க. சின்ன வயசு. அடுத்த வருஷம் எழுதட்டும்."

"சார், ஸ்காலர்ஷிப்புங்க" என்றான் மலைத்தம்பி.

"எழுதிப் போடு. பார்ப்போம்" என்று அடுத்த காகிதத்தை எடுத்தார். அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. மனிதரை அவ்வளவு சந்தோஷமாக நான் ஆக்கியிருந்தேன்.

வராந்தாவில் கம்பவுண்டர் சார் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தார்.

"நானும் சிரிச்சிட்டண்டா" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சிக் ரூமில் யாரும் கையைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. வயிற்றை அழுத்துவது இல்லை, டிபன் என்ன என்று கேட்பது இல்லை. காய்ச்சல் என்று போய் நின்றால் தலை நிமிராமல் சீட்டு எழுதுவார். தலைவலி என்றாலும் சீட்டு, பல்வலி என்றாலும் சீட்டு. ஹாஸ்டலே ரொட்டி தின்றது. என்னைத் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடாத குறை, கம்பவுண்டரை அடக்கியது நான்தானாம். நானும் ஒருநாள் போனேன், சும்மா, என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று. எழுதிக் கொடுத்துவிட்டு, "அடுத்தவன் வா" என்றார். அந்தச் சீட்டை மெஸ்ஸில் கொடுக்காமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்து துவைத்துவிட்டேன்.

மலைத்தம்பி ஊருக்குப் போன அன்று கம்பவுண்டர் சார் தன் சைக்கிள் கேரியரில் அவன் தகரப் பெட்டியை வைத்துக் கட்டினார். பாயையும் தலையணையையும் நான் தூக்கிக்கொண்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். பஸ் ஸ்டாண்டில் அரூர் பஸ் நின்றிருந்தது. அரூரில் இறங்கி மலையடிவாரத்துக்கு இன்னொரு பஸ், அதற்கப்புறம் நடை. கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றினார். கம்பவுண்டர் சார் அவனிடம் வாழைப்பழம் ஒரு சீப்பும், மடித்த காகிதத்தில் ஏதோ மாத்திரையும் கொடுத்தார்.

"உடம்பப் பாத்துக்க. வெயில்ல அலையாத. கொதிக்க வெச்ச தண்ணிதான் குடிக்கணும்."

"சரிங்க சார்."

படியில் ஒரு காலை வைத்தவன் இறங்கித் திரும்பி வந்தான். என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தான்.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுப்பா."

"அன்னிக்கு எனக்குக் காச்சல் இருந்துச்சு இல்லீங்களா?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. அந்தப் பையனுக்கு அதெல்லாம் வராது. வரிசையில் சிரித்தார்கள், பிரின்சிபால் அறையில் சிரித்தார்கள், இத்தனை படித்தவர்கள் சிரிக்கிறார்களே, ஒருவேளை நமக்குத்தான் தப்பாகத் தோன்றியதோ என்று அவனுக்கே சந்தேகம் வந்திருந்தது. மலைக்குப் போனால் ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் கொண்டுபோக வேண்டும்.

"இருந்துச்சுப்பா" என்றார் கம்பவுண்டர் சார். "நல்லா இருந்துச்சு."

"அப்ப சரிங்க" என்றான். ஏறிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான்.

பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் அவர் சைக்கிள் ஹாண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார். அந்த இடத்தில்கூட எனக்கு ஒரு ஜோக் தோன்றியது. நல்ல ஜோக். அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். சொன்னால் இந்த மனிதர் மறுபடியும் சிரித்துவிடுவாரே என்று பயமாக இருந்தது. மூடிக்கொண்டேன்.